ஆர்.வி. குழாயில் ஒளிந்திருந்த தண்ணீரைக் காற்றடித்து விரட்டிய கதை

எங்களிடம் ஒரு ஆர்.வி. இருக்கிறது, அதாவது சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. குளிர்காலம் முடிந்து முதல் தடவையாக வண்டியின் தண்ணீர் பம்பைப் போட்டேன். சாதாரணமாக அது கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, குழாய்களில் அழுத்தம் ஏறியதும் தானாக நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. உள்ளே காற்று அடைத்திருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கழிப்பறைப் பக்கம் போன மகள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "அப்பா, என் சாக்ஸ் நனைஞ்சிடுச்சு."

பம்பை அணைத்துவிட்டு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். டாய்லெட்டின் பின்புறம், தண்ணீர் உள்ளே வரும் பிளாஸ்டிக் வால்வில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். அதிலிருந்து விசிறி போலத் தண்ணீர் சுவரில் அடித்திருக்கிறது. ஷவரின் மிக்ஸரும், அதாவது சூடான தண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் குழாயும், பின்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. சுவருக்குள் இருந்ததால், ஒரு பலகையைக் கழற்றிய பிறகுதான் அது தெரிந்தது. மாற்ற வேண்டியவை இரண்டே உதிரிபாகங்கள்தான். ஆனால் முட்டி போட்டு, ஒரு சாண் சந்துக்குள் கையை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத மரையை விரலால் தடவித் தடவித் திருகியதில் இரண்டு சனி ஞாயிறுகள் போயின. தரைப்பலகை காய்வதற்கு இன்னும் ஒரு வாரம்.

உள்ளே தங்கிய தண்ணீர் குளிரில் உறைந்து செய்த வேலை அது. இத்தனைக்கும் குளிருக்கு முன்னால் நான் சும்மா இருக்கவில்லை. நன்னீர் டேங்கின் வடிகாலைத் திறந்துவிட்டேன். வண்டிக்கு அடியில் தொங்கும் இரண்டு வடிகால் குழாய்களையும், சூடான தண்ணீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று, திறந்தேன். உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்து வைத்தேன். கீழே கொட்டுவது நின்றதும் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். மேலே இருக்கிற தண்ணீர் கீழே வந்துதானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

கணக்கு எங்கே பிசகியது என்பது, பலகைகளைக் கழற்றி உள்ளே பார்த்தபோதுதான் புரிந்தது. இந்த வண்டிகளில் குழாய் நேராக ஓடுவதில்லை. சக்கர வளைவின் மேல் ஏறி இறங்குகிறது, அலமாரிக்குப் பின்னால் வளைகிறது, இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே துணிக்கொடி மாதிரி தொய்ந்து கிடக்கிறது. தொய்வு உள்ள இடமெல்லாம் தண்ணீர் தேங்கும் இடம். இந்த வண்டிகளில் போடும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்க்கு பெக்ஸ் என்று பெயர். அரை அங்குல பெக்ஸ் குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 115 மில்லி தண்ணீர் நிற்கும். ஒரு சின்னத் தொய்வில் ஒரு டம்ளர் அளவு தங்கிவிட்டால் போதும், ஒரு வால்வை உடைக்க.

தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிகிறது. பெக்ஸ் குழாய் ஓரளவுக்கு இழுபடும், அதனால் பெரும்பாலும் அது தப்பித்துக்கொள்ளும். மாட்டிக்கொள்வது முழங்கை மாதிரி வளைந்த பிளாஸ்டிக் இணைப்புகள், வால்வுகள், மிக்ஸர்கள், பம்பின் தலை, வடிகட்டிக் கிண்ணம் ஆகியவை. இன்னொரு விஷயமும் உண்டு. பனிக்கட்டி உண்டான இடத்திலேயே உடைய வேண்டும் என்றில்லை. ஒரு பக்கம் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளர, மறுபக்கம் மூடிய குழாய் இருக்க, நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். அந்த வழியில் எது பலவீனமோ அது போகும். என் டாய்லெட் வால்வு அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

சரி, அடுத்த வருடம் காற்றடித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயை மாட்டும் வாயில் திருகுவதற்கென்றே ஒரு பிளக் கிடைக்கிறது. ஒரு பக்கம் தோட்டக் குழாயின் மரை, மறுபக்கம் கார் டயரில் இருக்கிற மாதிரி காற்று வால்வு. டயருக்குக் காற்றடிக்கும் கைக்கடக்கமான கருவி ஏற்கெனவே என்னிடம் இருந்தது. உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து அதை இயக்கினேன். அது பாட்டுக்குக் கடகடவென்று சத்தம் போட்டது. சமையலறைக் குழாய் ரெண்டு தடவை துப்பியது, அப்புறம் உஸ்ஸென்று காற்று. மற்ற குழாய்களில் லேசாக மூச்சு விடுகிற சத்தம். கால் மணி நேரம் ஓடவிட்டு, முடிந்தது என்று மூடினேன்.

அந்த வருடம் டாய்லெட் தப்பியது. பதிலுக்குப் பம்பின் முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம் உடைந்தது. வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவுக்குள் இருக்கும் வெளி ஷவரும் உடைந்தது. நேர்மையாகச் சொன்னால், அப்படி ஒரு ஷவர் இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

மூன்றாவது வருடம் புத்தி வந்து, இதில் பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் பார்த்த ஒரு நண்பரைப் பிடித்தேன். வயதில் மூத்தவர். நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எல்லாக் குழாயையும் ஒண்ணாத் திறந்து வச்சீங்களா தம்பி?"

"ஆமாண்ணே. சீக்கிரம் முடியட்டும்னு."

"காத்து எதுக்குக் கஷ்டப்படணும்? பக்கத்துல ஒரு வழி திறந்திருந்தா அதுலயே போயிடும். தூரத்துல இருக்கிற தண்ணியை அது ஏன் தள்ளணும்?"

இதைக் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் பிடிபட்டது. காற்று சோம்பேறி. எது சுலபமோ அந்த வழியாக நழுவிவிடும். பல குழாய்கள் திறந்திருந்தால் அருகில் இருப்பதன் வழியே போய்விடும். ஒரே குழாய் திறந்திருந்தாலும், வரத்து குறைவாக இருந்தால் தண்ணீருக்கு மேலே ஒரு சந்தை உண்டாக்கிக்கொண்டு அதன் வழியே போய்விடும். அடியில் தண்ணீர் அப்படியே படுத்திருக்கும். எனக்குக் கேட்ட உஸ்ஸென்ற சத்தம் அதுதான். வேலை முடிந்த சத்தம் என்று நான் நினைத்தது, காற்று ஏமாற்றிவிட்டுப் போன சத்தம்.

ஆகவே தேவைப்படுவது அழுத்தம் இல்லை, கொள்ளளவு. டயர் கருவி 100 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரைக்கும் போகும் என்று பெட்டியில் போட்டிருக்கும், அதனால் பயனில்லை. அது விநாடிக்கு விநாடி தரும் காற்று மிகக் கொஞ்சம். அதுவும் டயர் வால்வின் ஊசித் துவாரம் வழியாகப் போக வேண்டும். டேங்க் உள்ள கம்ப்ரெசரில் காற்று சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. குழாயைத் திறந்தவுடன் அது மொத்தமாகப் பாய்ந்து தண்ணீரை ஒரு கட்டையைத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டு வரும். நண்பர் தந்தது 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் டேங்க் உள்ள, தட்டையான வகை. தச்சு வேலைக்காரர்கள் ஆணி அடிக்க வைத்திருப்பார்களே, அது. பிளக்கையும் மாற்றச் சொன்னார். டயர் வால்வு உள்ளதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்ப்ரெசர் ஹோஸின் முனையை நேராகச் சொருகிக்கொள்ளும் வகையை வாங்கினேன். நடுவே ஒரு கைவால்வையும் சேர்த்துக்கொண்டேன். அது எவ்வளவு உதவி என்பது பின்னால் தெரியும்.

எண்ணெய் போடாமல் ஓடும் கம்ப்ரெசராக இருப்பது நல்லது. எண்ணெய் வகை என்றால் அதன் ஆவி காற்றோடு சேர்ந்து நாம் குடிக்கும் தண்ணீர்க் குழாய்க்குள் போகும். அப்படித்தான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு வடிகட்டி வேண்டும். கம்ப்ரெசர் டேங்கின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். முதலில் அதைத் திறந்து உள்ளே சேர்ந்த ஈரத்தை வடித்துவிடுங்கள். தண்ணீரை விரட்டப் போகிற காற்றே தண்ணீர் கொண்டு வரக் கூடாது.

வேலையை ஒரு பகல் பொழுதில், வெளியே உறைநிலைக்கு நன்றாக மேலே இருக்கும் நாளில் செய்யுங்கள். ஏற்கெனவே உறைந்துவிட்ட குழாயில் காற்றடித்துப் பயனில்லை. அதை முதலில் இளக்க வேண்டும்.

முதலில் வாட்டர் ஹீட்டர். முந்தின இரவே மின்சாரம், கேஸ் இரண்டையும் அணைத்துவிட்டேன். காலையில் அதன் பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கி அழுத்தத்தைப் போக்கிய பிறகுதான் அடியில் உள்ள பிளக்கில் ஸ்பேனர் வைத்தேன். இந்த வரிசை மாறக் கூடாது. சூடும் அழுத்தமும் இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் கொதிநீர் நம் மேல் பாயும். என் ஹீட்டர் எஃகு டேங்க், ஆகவே பிளக்கோடு ஒட்டி ஒரு நீளமான ஆனோடு கம்பி வெளியே வந்தது. புதிதாக இருந்தபோது கட்டைவிரல் தடிமனில் வழவழப்பாக இருந்தது, இப்போது பூச்சி அரித்த குச்சி மாதிரி ஆகிவிட்டிருந்தது. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கொடுப்பதுதான் அதன் வேலை. கம்பி உள்ளே நடுவில் தெரிகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். அலுமினிய டேங்க் ஹீட்டர்களில் இந்தக் கம்பி இருக்காது, வெறும் பிளாஸ்டிக் பிளக்தான். டேங்க் காலியாகும்போது வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் துகள்களும் கொட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்து பைபாஸ். ஹீட்டருக்குள் காற்றுப் போகாமல், பச்சைத் தண்ணீர்க் குழாயிலிருந்து நேராகச் சூடான தண்ணீர்க் குழாய்க்குப் போகும்படி திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தக் காலி டேங்கை நிரப்பவே கம்ப்ரெசர் மூச்சிரைக்கும். என் வண்டியில் ஹீட்டருக்குப் பின்னால் மூன்று வால்வுகள். உள்ளே போவதை மூட வேண்டும், வெளியே வருவதை மூட வேண்டும், நடுவில் இருப்பதைத் திறக்க வேண்டும். நான் முதல் இரண்டை மூடிவிட்டு மூன்றாவதை மறந்தேன். பச்சைத் தண்ணீர்க் குழாயில் ஜோராகக் காற்று வந்தது, சூடான பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கால் மணி நேரம் கம்ப்ரெசரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

இப்போது நான் பயந்து போன கதை. கம்ப்ரெசரில் இரண்டு அளவு முட்கள் இருக்கும். ஒன்று டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும், மற்றது ஹோஸ் வழியாக எவ்வளவு வெளியே போகிறது என்று காட்டும். இரண்டாவதைத் திருகி 40 பி.எஸ்.ஐ.யில் வைக்கச் சொல்லியிருந்தார் நண்பர். நான் பார்த்தது முதல் முள்ளை. வெளியே போகும் அழுத்தம் அவர் கடைசியாக ஆணி அடித்தபோது வைத்த 90லேயே இருந்தது. ஹோஸைச் சொருகியதும் வண்டிக்குள் எங்கோ 'டொப்' என்று ஒரு சத்தம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு கழன்று, அங்கிருந்த துணியெல்லாம் பறந்து கிடந்தது. நல்ல வேளையாக உடையவில்லை, திரும்ப மாட்டி இறுக்கியதும் சரியாகிவிட்டது.

பெக்ஸ் குழாய் சாதாரண வெப்பத்தில் 160 பி.எஸ்.ஐ. வரை தாங்கும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அதை நம்பிக் கூட்டி வைக்காதீர்கள். இணைப்புகள், வாஷர்கள், டாய்லெட் வால்வு எல்லாம் அந்த ஜாதி இல்லை. வண்டியின் சொந்தப் பம்பே 45 முதல் 55 பி.எஸ்.ஐ.யில் நின்றுவிடுகிறது. அதைத் தாண்ட நமக்கு ஒரு காரணமும் இல்லை. மேலும் காற்று தண்ணீர் மாதிரி அல்ல. அழுத்திய தண்ணீர் ஒரு விரிசல் கண்டால் பீச்சிவிட்டு அடங்கிவிடும். அழுத்திய காற்று வில்லை இழுத்து வைத்த மாதிரி, விட்டால் பொருளைத் தூக்கி எறியும். நான் 40ல் வைக்கிறேன். ஹோஸைச் சொருகுவதற்கு முன்பே முள்ளைப் பார்க்கிறேன், சொருகிய பிறகு இன்னொரு தடவை பார்க்கிறேன். கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன்.

இனி காற்றடிப்பது. இதற்கு இரண்டு பேர் இருந்தால் பாதி வேலை. மகள் உள்ளே, நான் வெளியே கம்ப்ரெசர் பக்கத்தில். முன்பே அடியிலுள்ள வடிகால்களைத் திறந்து தானாக வடிவதையெல்லாம் வடியவிட்டு, திரும்ப மூடியிருந்தோம். உள்ளே எல்லாக் குழாய்களும் மூடியிருக்க, கம்ப்ரெசர் டேங்க் நிரம்பி மோட்டார் நிற்கும் வரை காத்திருந்தேன். கைவால்வைத் திறந்தேன். "இப்போ சமையலறை, பச்சைத் தண்ணி மட்டும்" என்றேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் குழாய் தொண்டையைச் செருமியது, கொப்பளித்தது, தொட்டி முழுக்கத் தண்ணீரை வாரி அடித்தது. பிறகு வெறும் காற்று, பிறகு மறுபடியும் ஒரு வாய்த் தண்ணீர், பிறகு பனிப்புகை மாதிரி ஈரம்.

"அப்பா, காத்து மட்டும்தான் வருது."

"கையை வச்சுப் பாரு."

"ஈரமா இருக்கு."

"அப்ப இன்னும் இருக்கு. மூடு."

இந்த மூடுவதில்தான் சூட்சுமம். தொடர்ந்து ஊதிக்கொண்டே இருப்பதைவிட, மூடி, அழுத்தம் ஏறவிட்டு, சட்டென்று திறப்பது மேல். ஏறிய அழுத்தம் மொத்தமாகப் பாயும்போது தேங்கிக் கிடக்கும் தண்ணீரைக் கட்டியாகத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு குழாய்க்கும் இப்படி மூன்று நான்கு தடவை. பச்சைத் தண்ணீர் பக்கம் முடிந்த பிறகு சூடான தண்ணீர் பக்கம். ஒரே கைப்பிடி உள்ள மிக்ஸர் என்றால் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தள்ளித் தனித்தனியாகச் செய்ய வேண்டும், நடுவில் வைத்து ஒப்பேற்றக் கூடாது. கம்ப்ரெசர் டேங்க் பாதிக்கு இறங்கிவிட்டால் நிறுத்தி, நிரம்பிய பிறகு தொடர்ந்தோம். இதில் அவசரப்படுவது வீண்.

குழாய் முனையில் இருக்கும் சல்லடையை முன்பே கழற்றிவிடுங்கள். வண்டி கட்டியபோது குழாய்க்குள் விழுந்த பிளாஸ்டிக் சீவல்கள் காற்றோடு வந்து அதில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வடிகட்டிக் குடுவை இருந்தால் உள்ளிருக்கும் வடிகட்டியை எடுத்துவிட்டுக் குடுவையைக் காலி செய்ய வேண்டும். நனைந்த வடிகட்டி காற்றை மறித்துக்கொண்டு நிற்கும்.

ஷவரில் கைப்பிடியைக் கழற்றி ஹோஸைத் தரை வரை தொங்கவிட்டோம். மேலே மாட்டியிருந்தால் அதன் வளைவில் தண்ணீர் நிற்கும். டாய்லெட் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். அது துப்புகிற வேகத்துக்கு மூடியைப் பாதி சாத்தி வைப்பது உத்தமம், ஏன் என்று கேட்காதீர்கள். வெளி ஷவரை இந்தத் தடவை மறக்கவில்லை. அதன் இரண்டு கைப்பிடிகளையும் தனித்தனியாகத் திறந்து ஊதியபோது, ஏறக்குறைய ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. போன வருடம் அவ்வளவும் அங்கேயே இருந்து உறைந்திருக்கிறது.

ஒரு சுற்று முடிந்ததும் நண்பர் சொன்னபடி கம்ப்ரெசரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா விட்டோம். குழாய்ச் சுவர்களில் ஒட்டிய துளிகள் மெல்ல இறங்கித் தாழ்வான இடங்களில் சேர அவகாசம் வேண்டும். திரும்ப வந்து இரண்டாம் சுற்று ஊதியபோது, காய்ந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய குழாய்களிலிருந்து மறுபடி ஒவ்வொரு வாய் வந்தது. கடைசியில் உள்ளே எல்லாவற்றையும் மூடிவிட்டு, வண்டிக்கடியில் வடிகால்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊதினோம். முகத்தை அந்தப் பக்கம் கொண்டு போகாமல் செய்யுங்கள்.

பம்பை இந்தக் காற்று தொடாது. வெளி வாயிலிருந்து போகும் காற்று பம்பின் வெளியேறும் பக்கம் வரைதான் போகும், அங்கே ஒருவழி வால்வு மறித்துவிடும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள குழாய், வடிகட்டிக் கிண்ணம், பம்பின் தலை, மூன்றிலும் தண்ணீர் அப்படியே இருக்கும். என் கிண்ணம் உடைந்த மர்மம் இதுதான். இப்போது நன்னீர் டேங்க் காலியான பிறகு ஒரு குழாயைத் திறந்து வைத்து, பம்பை அரை நிமிடத்துக்குள் ஓடவிட்டு நிறுத்துகிறேன். உள்ளே இருப்பது துப்பி வெளியேறிவிடும். அவ்வளவு நேரம் காய ஓடுவதால் இந்த வகைப் பம்புக்கு ஒன்றும் ஆகாது. பிறகு கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றி, கொட்டி, துடைத்து, தளர்வாக மாட்டிவிடுகிறேன். பம்புக்கு முன்னால் உறிஞ்சு குழாய் இருக்கும் வண்டிகளில், ஆர்.வி.க்கென்று விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்பு திரவத்தை அரை லிட்டர் உறிஞ்சவிட்டால் இன்னும் நிம்மதி.

அந்த இளஞ்சிவப்பு திரவத்தையே எல்லாக் குழாய்களிலும் ஏற்றிவிட்டால் காற்றே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. குளிர் முடிந்த பிறகு அந்த வாசனையைப் போக்க டேங்க் டேங்காகத் தண்ணீர் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் அதை முழுக்க விலக்கவும் முடியாது. தொட்டிகளுக்கும் ஷவருக்கும் அடியில் வளைந்திருக்கும் கழிவுக் குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அது அங்கே நிற்பதால்தான் கழிவு டேங்கின் நாற்றம் மேலே வருவதில்லை. காற்று அதைத் தொடாது. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு கப் உறைதடுப்பு திரவம் ஊற்றி, தண்ணீரைத் தள்ளிவிட்டு அது நிற்கும்படி செய்ய வேண்டும். டாய்லெட் கிண்ணத்திலும் கொஞ்சம், ரப்பர் காயாமல் இருக்க. புரொப்பிலீன் கிளைக்காலில் செய்ததா என்று டப்பாவைப் படித்து வாங்குங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அது விஷம், குடிநீர் ஓடும் இந்த வண்டிக்குள்ளேயே வரக் கூடாது.

டப்பாவில் மைனஸ் 50 என்று பெரிதாகப் போட்டிருப்பது ஃபாரன்ஹீட்டில், செல்சியஸில் ஏறக்குறைய மைனஸ் 46. அதுவும் குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை. திரவம் அதற்கு வெகு முன்பே சேறு மாதிரிக் கெட்டியாகிவிடும். பார்த்தால் பகீரென்றிருக்கும், ஆனால் அது கல்லாக இறுகி விரியாது, பயம் வேண்டாம்.

நான்காவது வருடத்தில் ஒன்று தெரிந்தது. கழிவறை டேங்கை உள்ளே கழுவுவதற்கென்று வண்டியின் வெளியில் தனியாக ஒரு தண்ணீர் வாய் இருக்கிறது. அது மற்ற குழாய்களோடு சேர்ந்ததே இல்லை. உள்ளே சுவருக்குள் மேலே ஏறி, தண்ணீர் பின்வாங்காமல் தடுக்கும் ஒரு வால்வு வழியாக இறங்கி டேங்குக்குப் போகிறது. அந்த வால்வு உடைந்தால் குளியலறைச் சுவருக்குள் தண்ணீர் கொட்டும். அதில் தனியாக பிளக்கை மாட்டி ஊத வேண்டும். ஊதும்போது கழிவு டேங்க் காலியாக, அதன் வெளியேற்று வால்வு திறந்து, கழிவு ஹோஸ் இறக்கும் இடத்தில் பொருத்தியபடி இருக்கட்டும். மூடி வைத்துக்கொண்டு ஊதினால் காற்று வேறு வழி தேடும். டாய்லெட் வழியாக.

துணி துவைக்கும் இயந்திரம், ஐஸ் செய்யும் குளிர்பெட்டி, டேங்க் இல்லாமல் உடனுக்குடன் சூடாக்கும் ஹீட்டர் இவையெல்லாம் உள்ள வண்டிகளுக்குத் தனித்தனி முறைகள் உண்டு. அந்தந்தக் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். என் வண்டியில் இவை இல்லை, அதற்காக இப்போது சந்தோஷப்படுகிறேன்.

எல்லாம் முடிந்து ஹோஸைக் கழற்றும் முன் உள்ளே ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை முழுக்க விட்டுவிடுங்கள். வெளி வாயின் உள்ளே ஒரு சின்ன ஒருவழி வால்வும் சல்லடையும் இருக்கும். சல்லடையை எடுத்துவிட்டு நடுவில் விரலால் அழுத்தினால் அங்கே சிக்கிய இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் வரும். உள்ளே அழுத்தம் இருக்கும்போதே அழுத்தினால் அதன் ரப்பர் வளையம் இடம் மாறிவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒழுகும். கடைசியாக எல்லாக் குழாய்களையும் பாதி திறந்தபடியே விட்டேன். எங்காவது ஒரு துளி மிச்சம் இருந்து உறைந்தாலும் விரிய இடம் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். தண்ணீர் போகும் வழியை ஒரு தாளில் என் கையால் வரைந்தேன். படம் என்று சொல்ல முடியாது, குழந்தைக் கிறுக்கல்தான். ஆனால் ஒவ்வொரு குழாய், வால்வு, வடிகால், வெளியில் இருக்கும் வாய் எல்லாம் அதில் உண்டு, மொத்தம் 17. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹீட்டர் வால்வுகளுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மகள் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பாள், நான் செய்துவிட்டுப் பதில் சொல்வேன். மூன்று மணி நேரம் ஆன வேலை இப்போது ஒன்றே கால் மணி நேரத்தில் முடிகிறது, நடுவே அந்த அரை மணி நேர ஓய்வையும் சேர்த்து.

ஹீட்டரின் மின் சுவிட்ச் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி 'தண்ணீர் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். டேங்க் காலியாக இருக்கும்போது யாராவது தெரியாமல் அதைப் போட்டால் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி சில விநாடிகளில் கருகிவிடும். இது குளிரில் நடப்பதில்லை, பெரும்பாலும் திரும்ப வண்டியை எடுக்கும் முதல் நாள் உற்சாகத்தில் நடப்பது. பிளக்கை மாட்டி, பைபாஸைப் பழையபடி திருப்பி, சூடான தண்ணீர்க் குழாயைத் திறந்து, அதில் தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகுதான் டேப்பை உரிக்க வேண்டும்.

கிருமி நீக்கமும் அப்போதுதான். 15 கேலன் டேங்குக்கு, அதாவது சுமார் 57 லிட்டருக்கு, வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் கால் கப். முதலில் தண்ணீரில் கலந்து டேங்கில் ஊற்றி, நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் பிளீச் வாசம் வரும் வரை ஓட்டி, சில மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வாசம் போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுவேன்.

போன குளிர் முடிந்து பம்பைப் போட்டபோது மகள் சாக்ஸைக் கழற்றிவிட்டு டாய்லெட்டுக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றுகொண்டாள். பம்ப் உறுமியது. குழாய்கள் ஒவ்வொன்றாகச் செருமி, துப்பி, சீராக ஓடின. எல்லாவற்றையும் மூடினோம். பம்ப் இன்னும் ஒரு மூச்சு உறுமிவிட்டு நின்றது. நாங்கள் இருவரும் பேசாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். எங்காவது ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் பம்ப் நடுவில் ஒரு தடவை 'டுக்' என்று விட்டு ஓடும். ஓடவில்லை.

"காஞ்சிருக்குப்பா" என்றாள், கால் கட்டைவிரலைத் தரையில் தேய்த்துப் பார்த்துவிட்டு. சமையலறைக் குழாயின் சல்லடையைப் பத்திரமாக எங்கே வைத்தேன் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.